பாராசூட் கைப்பிடி

"முன்சக்கரத்தப் பாருங்க, என்ன மெலிசு! அதே பழைய அச்சுதான். மயிரிழை மாறல" என்றார் செயலாளர். சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைச் சவப்பெட்டிக்கு மேலாக நீட்டினார். எதிர்ப்பக்கம் நின்ற, 'பசை' என்று பட்டப்பெயர் கொண்ட நண்பர் அதை வாங்கிக்கொண்டார். நடுவில் படுத்திருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பேச்சில் அவர் வாய் திறக்காமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

"குரோம் பூச்சு கொஞ்சம் மங்கலா இல்ல?" என்றார் பசை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு கணம் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் காரைச் சொல்கிறார் என்று புரிந்தது.

வந்திருந்தவர்கள் 'நுண்ணுரு ஊர்தி வடிவமைப்போர் பேரவை'யைச் சேர்ந்தவர்கள். பேரவையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உறுப்பினர்களை எண்ணி முடித்துவிடலாம். பெட்டிமேல் அச்சிட்டிருந்த படத்தில், சக்கரம் வைத்த எலும்புக்கூடு மாதிரி நீண்டு கிடந்தது பழங்காலத்து டிராக் பந்தயக் கார் ஒன்று. நேர்கோட்டில் மட்டும் ஓடும். மூச்சு விடுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அப்புறம் பின்னால் பாராசூட் விரிந்தால்தான் நிற்கும். கல்யாணமான புதிதில் கணவர் இதை விளக்கியபோது, "திரும்பாதா?" என்று அவள் கேட்டாள்.

"திரும்பறதுக்கு இது என்ன பஸ்ஸா?" என்றார்.

அவரைப்பற்றி அவளுக்கு அதற்குமேல் தெரிந்துகொள்ள அதிகம் இருக்கவில்லை.

அந்தக் காரைப் பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட்டைத்தான் கம்பெனி இத்தனை காலம் கழித்து மறுபடி வெளியிட்டிருந்தது. அவர் பழைய கிட்டில் செய்த கார் கால்மாட்டில் ஒரு ஸ்டூலின்மேல், கண்ணாடி மூடிக்குள் இருந்தது. அதில் ஒரே ஒரு பாகம் கிடையாது. பாராசூட்டை இழுத்துவிடும் கைப்பிடி. அரிசியில் பாதி இருக்கும்.

அதைத் தொலைத்தது அவள்.

அப்படித்தான் முப்பது வருஷமாகச் சொல்லப்பட்டு வந்தது. மகள் வயிற்றில் இருந்த சமயம். அவர் பாகங்களை மேசையில் பரப்பிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அவள் அறையைக் கூட்டினாள். சாயங்காலம் வந்து செய்முறைத் தாளோடு ஒத்துப்பார்த்தார். தாளில் கைப்பிடி இருந்தது, மேசையில் இல்லை.

"கூட்டினியா?"

"கூட்டினேன்."

விசாரணை அத்தோடு முடிந்தது. நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் குப்பைத்தொட்டியைச் செய்தித்தாளில் கவிழ்த்து, கரண்டியால் கிளறித் தேடினாள். ஒரு சட்டைப் பொத்தானும் காதணித் திருகு ஒன்றும் கிடைத்தன. இரண்டையும் யாரும் தேடவில்லை.

பல் செட் கட்டித்தரும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கப் பொய்ப்பற்களை ஒவ்வொன்றாக எடுத்து மெழுகில் பதிப்பாள். அங்கே ஒரு பல் கூடக் காணாமல் போனதில்லை. இருந்தும் கைப்பிடியைத் தான்தான் தொலைத்தோம் என்று நம்பினாள். அந்த அறைக்குள் அவள் கால் வைக்கக்கூடாது என்று தீர்ப்பானது. பிறகு பீரோச் சாவி அவர் கைக்குப் போயிற்று. வீட்டுப் பத்திரங்கள் போயின. மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போடுவதுகூடப் போயிற்று. "ஒரு கைப்பிடியப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல, உன்னை நம்பி…" என்று ஆரம்பிப்பார். முடிக்கவே மாட்டார். முடிக்காத வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது? பேரவையில் அவளுக்குத் 'துடைப்பம்' என்று பெயர். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு அந்தக் கூட்டுகிற காட்சியை இடுப்பை வளைத்து நடித்தே காட்டினார். சபை குலுங்கிற்று. அவளும் சிரித்துவைத்தாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவள் தலையணையைச் சரிசெய்தபோது நர்ஸிடம், "ஜாக்கிரதை சிஸ்டர். இவ கைக்குப் போன எதுவும் திரும்பி வராது" என்றார். அவளைப்பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

செயலாளர் கனைத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் வெளியே வந்தது. எல்லோரும் எழுந்தார்கள், எழாவிட்டால் அவர் ஆரம்பிக்கமாட்டார்.

"ஆற்றொணாத் துயரில் நம்மை ஆழ்த்திவிட்டு, முடிவிலா நெடுஞ்சாலையில் விரைந்து சென்றுவிட்ட பெருந்தகையே! முதல் வெளியீட்டில் பாராசூட் கைப்பிடி எந்தப் பெட்டியிலுமே இல்லை என்னும் மாபெரும் உண்மையை உலகறியச் செய்த உத்தமரே! தாளில் வரைந்தார்கள், அச்சில் வார்க்க மறந்தார்கள்! ஊர் ஊராக அன்பர்களுக்கு எழுதி அதனை உறுதிசெய்து, கம்பெனியின் கதவைத் தட்டித் தட்டி, இன்று மறுவெளியீட்டில் அக்கைப்பிடி இடம்பெறச் செய்த…"

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

செயலாளர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். இரங்கலுரையின் நடுவே இறந்தவர் வீட்டார் குறுக்கிடுவது பேரவை மரபில் இல்லை.

"அது வந்து அண்ணி," என்று பசை குனிந்தார். நல்ல மனிதர், கையில் எப்போதும் பசை காய்ந்திருக்கும், வாயில்தான் ஒன்றும் ஒட்டாது. "பழைய கிட்டுல அந்தக் கைப்பிடியே கிடையாது. யாருக்குமே வரல. அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு."

"எப்போ?"

"ஆச்சு, எட்டு ஒம்பது வருஷம்."

"என் கல்யாணம் போன வருஷம்தான் அங்கிள்" என்றாள் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகள்.

பசைக்கு அது பிடிபடவில்லை. "ஆமாம்மா, ஜோரா நடந்துச்சே!" என்றார். பிறகு மறுபடி அவளிடம்: "அண்ணன் சொல்லவே இல்லியா? நான்கூட ஒரு தடவை கேட்டேன் அண்ணி. 'வீட்ல சொல்லிட்டீங்களாண்ணே, பாவம், அவங்கதான் தொலைச்சாங்கன்னு நெனச்சிட்டிருக்காங்களே'ன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'சொன்னா ரூமுக்குள்ள வந்துடுவாடா'ன்னாரு!"

பேரவையினர் மெல்லச் சிரித்தார்கள், சாவு வீட்டுக்கு எவ்வளவு தகுமோ அவ்வளவு.

"குசும்பு புடிச்ச மனுஷன்" என்றார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மகளின் கை அவள் தோளில் விழுந்தது. "அம்மா."

"இரு" என்றாள் அவள்.

குப்பையைக் கிளறிய கரண்டி ஞாபகம் வந்தது. அதன் பிடி லேசாக வளைந்திருக்கும். இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது.

செயலாளர் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மிச்ச உரையையும் படித்து முடித்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அமரர் ஊர்தியின் ஓட்டுநர் எட்டிப்பார்த்து, "எடுத்துரலாங்களா?" என்றார்.

"ஒரு நிமிஷம். முக்கியமான நிகழ்ச்சி பாக்கி இருக்கு."

நிகழ்ச்சி இதுதான்: புதுக் கிட்டிலிருந்து அந்தக் கைப்பிடியை வெட்டியெடுத்து, அண்ணனின் திருமுன், அண்ணனின் காரில் பொருத்துவது. பசை மூடியைத் தூக்கினார். இன்னொருவர் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். செயலாளர் இடுக்கியால் கைப்பிடியைக் கவ்வி, புகைப்படத்துக்காகச் சற்று உயர்த்திப் பிடித்தார். முகத்தில் பதக்கம் குத்தவந்த அமைச்சரின் பூரிப்பு. பூரிப்பில் இடுக்கியைக் கொஞ்சம் அழுத்திவிட்டார்.

'டிக்' என்று ஒரு சத்தம்.

"யாரும் நகராதீங்க!"

பேரவை முழுவதும் மண்டி போட்டது. அலைபேசி விளக்குகள் எரிந்தன. செயலாளர் கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் தரையை ஆராய்ந்தார். சவப்பெட்டியைச் சுற்றி இவ்வளவு பயபக்தியான காட்சியை அந்த ஓட்டுநர் பார்த்திருக்க மாட்டார். "நெருங்கின சொந்தமுங்களா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

அவளுக்கு எங்கே விழுந்தது என்று தெரியும். சுவரில் பட்டு, தரையில் இரண்டு தடவை துள்ளி, அவள் காலடிக்கு வந்து நின்றது. அவ்வளவு சின்னதாக இருந்தது. அவள் வலது காலை அதன்மேல் வைத்தாள். உள்ளங்காலில் சுருக்கென்று குத்திற்று.

"சார், இன்னொரு வீட்டுக்கும் போகணும்" என்றார் ஓட்டுநர்.

"இருப்பா! கெடைக்காம எடுக்க முடியாது. இதுக்காக வாழ்ந்த மனுஷன்யா அவரு!" செயலாளர் தவழ்ந்தபடியே சவப்பெட்டியைச் சுற்றிவந்து நாற்காலியருகே நின்றார். முழங்காலில் அழுக்கில்லை. விடிந்ததும் அவளே துடைத்த தரை.

"அண்ணி, நீங்க எதையும் கூட்டிடலையே?"

"இல்ல."

"கொஞ்சம் காலைத் தூக்குங்க."

அவள் இடது காலைத் தூக்கிக் காட்டினாள்.