முப்பதுக்குக் கீழே

சித்தப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினார். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். நாற்பத்து மூன்று அடி என்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். தினமும் டீக்கடைப் பேப்பரில் அதைப் பார்த்துக்கொண்டு வருவார். இரண்டாவது எண்ணுக்கு என்னிடம்தான் வர வேண்டும்.

"நம்மாளு எவ்வளவுடா அறிவு?"

போனைத் திறந்தேன். "இருபத்தி நாலு சித்தப்பா."

அவர் உடனே எழுதவில்லை. சிரித்தார். பிறகு வாசலில் நின்ற எக்ஸெல் வண்டிக்குப் போய் சித்தியின் மடியிலிருந்த மஞ்சள் பையை வாங்கி வந்தார்.

அந்த எண்ணை அவருக்குப் பழக்கியவன் நான்தான். தனித்தனியாக ஓடும் பிளாக்செயின்களுக்கு நடுவே பணத்தைக் கடத்திக் கொடுக்கும் ஒரு கிரிப்டோ காசில் என் இரண்டு வருடச் சம்பளத்தைப் போட்டிருந்தேன். அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல் சித்தப்பா 'பாலம்' என்றே சொல்வார். தை அறுப்பு முடிந்து சும்மா இருந்த நாளில் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "என்னடா, யாருக்கு ஈசிஜி?" என்று கேட்டார். விலை எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் ஆர்எஸ்ஐ என்ற கோட்டைக் காட்டி, "மேட்டூர் மாதிரி வச்சுக்குங்க. எழுபதுக்கு மேல போனா ரொம்பிடுச்சு, வித்துடணும். முப்பதுக்குக் கீழ போனா வறண்டு கெடக்கு, வாங்கணும்" என்றேன். அதைவிட எளிதாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அன்று எனக்கு அந்த உவமை மேல் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு கோடுகள் பின்னிக்கொண்டு போகும் இன்னொரு இண்டிகேட்டரையும் காட்டினேன். அதை அவர் சட்டை செய்யவில்லை. நாற்பது வருடமாக ஓர் எண்ணைப் பார்த்து நாற்று விட்டவருக்கு எண்தான் புரியும். பங்குனியில் அது இருபத்தெட்டுக்கு இறங்கியபோது இருபதாயிரம் போட்டார். பத்தே நாளில் நாலாயிரம் கூட வந்தது. அதன் பிறகு என்னைவிட அவர்தான் அதைத் தீவிரமாக நம்பினார்.

அணையில் தண்ணீர் இறங்கினால் குடகில் மழை பெய்து மறுபடி ஏறும். ஆர்எஸ்ஐக்குப் பின்னால் குடகும் இல்லை, மழையும் இல்லை. கடந்த பதினாலு நாளின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்லும் கணக்கு அது. விலை மண்ணாகிப் போகும் வரை முப்பதுக்குக் கீழேயே படுத்துக் கிடக்கவும் அதனால் முடியும். இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பைக்குள் ஒன்றரை லட்சம் இருந்தது. வழக்கமாகத் திறக்கும் ஜூன் பன்னிரண்டு தாண்டியும் அணை திறக்காததால் அவருடைய குறுவை நாற்று அப்போதே நுனி கருகத் தொடங்கியிருந்தது. பண்ணையாளின் மகனாகப் பிறந்து, தன் கையால் வாங்கிய ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். அதில் போர் போடுவதற்கு வைத்திருந்த பணம். வியாழக்கிழமை போர் வண்டி வருவதாகப் பேச்சு.

"பத்து நாள்டா. ஏறுனதும் எடுத்து, போரோட மோட்டாரும் சேத்து வாங்கிடலாம். அதுவரைக்கும் பக்கத்துக் கொல்லையில கேட்டு எறச்சுக்குறேன்."

அன்று காலை ஆறு மணிக்கே நான் செய்தியைப் படித்திருந்தேன். யாரோ பாலத்தை உடைத்து அதிலிருந்த பணத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டார்கள். நடத்துகிறவர்கள் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஆறரைக்கு என் காசு மொத்தத்தையும் விற்கப் போட்டேன். மணி ஒன்பதாகியும் யாரும் தொடவில்லை. உலகத்தில் அன்று அதை வாங்க வந்த ஒரே ஆள் வலங்கைமான் சாலையில் எக்ஸெல்லில் வந்து இறங்கினார்.

சித்தி வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டாள். "அறிவு, நீயும் இதுல போட்டுருக்கதான?"

"ஆமா சித்தி."

"எடுத்துட மாட்டீல்ல?"

"நான் எங்க எடுக்கப் போறேன்."

"அப்ப சரி. இவரு தனியா அந்தப் பாலத்துல ஏறி நின்னா எனக்கு பயம்."

சித்தப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "கும்பகோணத்துல என்கூடப் படிச்ச ஹஸ்ஸான் அவசரத்துக்கு விக்கிறான். கையில காசு குடுத்தா கமிஷன் கெடையாது. இதே ரேட்டு." ஹஸ்ஸான் எதையும் விற்கவில்லை; விற்றது நான்தான். என் கணக்கிலிருந்து, என் போனிலேயே இருந்த அவர் கணக்குக்கு மாற்ற ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"இவ்வளவு கீழ விக்கிறானே, அந்தப் புள்ளைக்கு நட்டமில்லையா?"

"அவசரம் அவனுக்கு."

"பாவம்." அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் தனியாக வைத்தார். "இத அவன்ட்ட குடு. யாரு வயித்தெரிச்சலும் நமக்கு வேணாம்."

அந்த ஐந்நூறில் மதியம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

நாலாம் நாள் விலை பைசாவில் வந்து நின்றது. எண் பதினொன்றிலேயே கிடந்தது. சித்தப்பா கலங்கவில்லை. "நல்லா வறளட்டும்டா. வர்றப்ப வெள்ளமா வரும்" என்றார். போர் வண்டி வேறொருவர் வயலுக்குப் போனது. பக்கத்துக் கொல்லைக்காரர் தனக்கே தண்ணீர் போதவில்லை என்று சொல்லிவிட்டார். நாற்றங்கால் வெடித்தது. ஒரு நாள் சித்தியே மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நூறு நாள் வேலைக்குப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் அந்தக் காசை எக்ஸ்சேஞ்ச் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். படமும் இல்லை, எண்ணும் இல்லை. மறுநாள் காலை சித்தப்பா வழக்கம்போல எழுதி, இடம் விட்டு, என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பதினெட்டு" என்றேன்.

"ஏழு ஏறிருக்கு."

அப்படித்தான் தொடங்கியது. பல் துலக்கும்போதே அன்றைய எண்ணை யோசித்துவிடுவேன். இரண்டு ஏற்றினால் ஒன்று இறக்குவேன். சந்தை அப்படித்தான் போகும். இறங்கிய நாளில் அவர் சாப்பிடாமல் இருப்பதும், ஏறிய நாளில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவதும் எனக்குப் பழகிவிட்டது. ஒரு முறை வேண்டுமென்றே ஐந்து இறக்கினேன். என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான்.

அந்த நேரம் பார்த்து கர்நாடகத்தில் மழை கொட்டியது. மேட்டூர் அறுபதாகி, எண்பதாகி, நூறைத் தாண்டியது. தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா? நாப்பதுல கெடந்தது. இது ஏறுனா அது ஏறாதா?"

ஆடியில் அணை திறந்து குடமுருட்டியில் தண்ணீர் வந்த காலை, என்னைக் கையோடு வயலுக்கு அழைத்துப் போனார். வாய்க்காலில் முதலில் நுரையும் வைக்கோலும் காலி பாட்டில்களும் வந்தன. பின்னாலேயே செந்நிறத்தில் தண்ணீர். அவர் மடையை வெட்டிவிட்டு, முழங்கால் மேல் தாளை வைத்து, அணையின் முழு மட்டமான நூற்றிருபது என்று எழுதினார். இடம் விட்டார்.

"முப்பதத் தாண்டுன அன்னைக்கு பாதிய எடுத்துருவோம் அறிவு. சம்பாவுக்கு வெத நெல்லு வாங்கணும். எழுபது வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னைக்கு எவ்வளவு?"

போனை எடுத்தேன். வெள்ளைத் திரையில் ஒன்றுமில்லை.

"இருபத்தொம்பது."

"ஒண்ணுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். ஈரக் கையில் மை இழுபட்டது.

போனை அணைக்கும்போதுதான் தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. சித்தி நின்றிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு ஓடும் திரையை என் வீட்டு வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவள் கோடு இல்லாத போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து எழுதிக்கொண்டிருந்த அவர் பிடரியைப் பார்த்தாள். மடையில் புகுந்த தண்ணீர் நாற்றங்காலுக்குள் ஓடிய வேகத்தில் நின்று, வெடிப்பு வெடிப்பாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்கு மேலே ஒரு விரல்கடை கூட நிற்கவில்லை.