கறி அரைக்கும் மெஷின்

தையல்காரருக்குக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய மறுவாரமே, கறிக்கடையில் இருப்பதைப் போன்ற கனத்த அரைக்கும் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. சமையல் மேடை அதிர அதிர, இரண்டு கிலோ கறியை நிமிஷத்தில் அரைத்துத் தள்ளியது. மனைவி உருண்டை பிடித்துப் பொரித்துப் போட்டாள்.

"நீயும் உக்காந்து சாப்பிடு."

அவள் ஓர் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டாள். "கறி தின்னு ஆறு வருஷமாச்சுங்க," என்றாள் சாதாரணமாக.

அவளுக்குப் பல் போனபோது இதே மெஷினைத்தான் கேட்டாள். "குழம்பை ஊத்திச் சாப்பிடு, வீடென்ன ஓட்டலா?" என்று அன்று அவள் வாயை அடைத்தவர் அவர்தான்.

இப்போது தன் தட்டிலிருந்ததையெல்லாம் அவளுக்கு வைத்தார்.

"இவ்வளவு முடியாதுங்க," என்று பாதியைத் திருப்பி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.