தெற்கு வாசலின் தலைகீழ்க் கல்

தங்கள் ஊர்த் தேவாலயத்தைப் பார்க்க வருபவர்களிடம் இருபது வருடமாக ஹெஸ்டர் சொல்லிவந்தது ஒரே விளக்கம். தெற்கு வாசலின் வளைவில், பல் பல்லாகச் செதுக்கிய கற்களில் ஒன்று மட்டும் தலைகீழாக இருக்கிறது. குறையில்லாமை கடவுளுக்கே உரியது என்று கொத்தன் வேண்டுமென்றே விட்ட குறை அது. கோயில் கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். மறுபதிப்பு வருகிறது. சரிபார்க்க வந்த பழங்கட்டட ஆய்வாளர் மிஸ் பிரைஸ் இப்போது ஏணியின் உச்சியில் நின்றாள்.

ஏணியைப் பிடித்திருந்தவர் பக்கத்து ஊர்க் கோயில் பொறுப்பாளர் கிளெமென்ட். ஏணியும் அவருடையதே.

"எங்க வளைவுல ஒரு பல்லு பிசகாது ஹெஸ்டர். உங்க கொத்தன் பக்தியில விட்டானா, பீர் போதையில விட்டானா?"

"ஏணியை ஆட்டாதீங்க, அது போதும்."

மிஸ் பிரைஸ் இறங்கி வந்தாள். "இந்த வளைவு முதல்ல இங்க இல்லம்மா. இப்ப உள்சுவரா இருக்கிறதுதான் அப்ப வெளிச்சுவர்; அதோட வாசல்ல இருந்திருக்கு. இருநூறு வருஷம் கழிச்சு கோயிலை அகலமாக்கினப்ப, கல்லு கல்லாப் பிரிச்சு இங்க மாட்டியிருக்காங்க. கல் இடுக்குல எல்லாம் வயல்ல பொறுக்குன கல்லு. கொத்தன் கை இல்ல இது. ஊர்க்காரங்க வேலை. வரிசை தெரியாம மாட்டிட்டாங்க."

"ஆக, வெறும் தப்பு!" கிளெமென்ட் சிரித்தார்.

ஹெஸ்டருக்கு முகம் சுட்டது. எத்தனை பேரிடம் எவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்கிறாள்! அந்த அழகான காரணம் கோயிலுக்குத் தேவைப்பட்டதா, தனக்கா?

"அகலமாக்கின காலத்துல கூர் வளைவுதானே நாகரிகம்? புதுசா ஒண்ணு வைக்காம இந்தப் பழைய அரைவட்ட வளைவை எதுக்குத் தூக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டாள்.

"அதான் எனக்கும் புரியல."

ஹெஸ்டருக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் மணமக்கள் கைபிடித்தது கோயிலுக்குள் அல்ல, வாசலில். இந்த வளைவின் கீழேதான் அந்த ஊர்க்காரர்களுடைய அம்மாவும் அப்பாவும், அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் நின்றிருப்பார்கள். அதைவிட்டு வேறொரு வாசலில் நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஏர் பிடித்த கைகள், தெரியாத வேலையைத் துணிந்து செய்திருக்கின்றன.

பையிலிருந்து கையேட்டை எடுத்து, தன் வாக்கியத்தைத் தானே அடித்தாள்.

"என்ன எழுதப்போற?" என்றார் கிளெமென்ட்.

"தப்புன்னுதான். நாங்களே பண்ணின தப்புன்னு." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்க வளைவைப் பண்ணினது யாரு?"

"வெளியூர்க் கொத்தன்" என்றார் அவர், குரல் தாழ்ந்து.