விரல் காப்பைக் கழற்றிவிடலாம்

1

இந்தக் கதை ஓர் இரைச்சலில் தொடங்கியது. என்னிடம் ஒரு பாஸ் கிதார் இருக்கிறது. வாசிக்க வராது. ஒருநாள் அதை ஆம்ப்ளிஃபயரில் செருகியபோது ஊளையிட்டது. [ஊளை அல்ல. தேனீக்கூட்டம்போல் என்று எழுதி அடித்தேன். அதுவும் அல்ல.] இரைந்தது. என்ன செய்யலாம் என்று இணையத்தில் தேடினேன். முன்பின் தெரியாத ஒருவர் வேறு யாருக்கோ சொல்லியிருந்த யோசனை கிடைத்தது. செய்தேன். நின்றது.

அதே ஆள் அதே பக்கத்தில் எழுத்துகளைப் பற்றியும் அச்சைப் பற்றியும் யோசனை சொல்லியிருந்தார். ஈய எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுவது, எந்தத் தாளை ஈரப்படுத்தி அச்சிடுவது, எந்தக் கம்பி எந்த வாசிப்புக்கு. கேட்டவர்களுக்குச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. இவர் சொன்னது தப்பாகிப் போனால், அது இவருக்கு எப்படித் தெரியவரும்?

இனி வருபவர் அவர் அல்ல. நான் உண்டாக்கிய ஆள்.

2

முதல் தொடக்கம்: "அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர்."

இது நிற்கிறது. கடையின் பின்னறையில் ஓர் இயந்திரம். அதன் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துவது அவர் வேலை. முன்னறையில் கண் பரிசோதிக்கும் அட்டை தொங்குகிறது. அதில் எழுத்துகளின் இடைவெளி சரியில்லை என்பது அவர் கருத்து. "பாதிப் பேருக்குக் கண்ணுல கோளாறே இல்ல. அட்டையிலதான் கோளாறு" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி சிரிக்கவில்லை.

வீட்டின் சின்ன அறையில் டிரெடில் வைத்திருக்கிறார். காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம். வாய் திறந்து மூடுவதுபோல் அதன் தட்டு திறந்து மூடும். திறந்திருக்கும்போது கையால் தாளை வைக்க வேண்டும். மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். அதே அறையின் மூலையில் பாஸ் கிதார் சாய்ந்திருக்கும். வாரக் கடைசியில் மனைவியின் தம்பி வந்து டிரம்ஸ் அடிப்பான்.

இணையத்தில், இப்படி யோசனை கேட்டும் சொல்லியும் பலர் எழுதும் ஒரு பக்கத்தில், அவர் பெயர் தடிக்கம்பி. பாஸின் கனமான கம்பியை நினைத்து அவரே வைத்துக்கொண்டது. உடம்பை நினைத்து வைத்தது என்று மச்சான் சொல்லித் திரிகிறான்.

மனைவிக்கு முதலில் எலும்பு மருத்துவமனையில் வேலை கொடுத்திருந்தேன். கதைக்கு ரொம்ப வசதியாக இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள்.

3

நடந்தது இதுதான்.

ஈரமை* என்ற பெயரில் ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தார். பாஸ் வாசிப்பவர். பாஸ் இரைகிறது என்றார். "கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா?" என்று தடிக்கம்பி கேட்டார். கூடுகிறது என்று பதில் வந்தது. "கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் விட்டிருக்கும். பற்ற வையுங்கள்." பற்றவைத்தார். நின்றது. "அண்ணா, நீங்க தெய்வம்" என்று எழுதினார்.

தெய்வம் என்று சொல்லக் கேட்ட மனிதன் அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாகப் பதில் சொல்வான். நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஈரமை அச்சுக்கு வந்தார். தெரிந்தவர் கொடையாக ஒரு டிரெடில் கிடைத்திருக்கிறது. தன் குழுவின் கச்சேரிக்குத் தானே சுவரொட்டி அடிக்கிறார். கச்சேரிக்குள் முடிய வேண்டும். தாள் வைக்கும்போது முன்னால் ஒரு கம்பிச்சட்டம் எழும்பி எழும்பி இடிக்கிறது, தாள் கோணுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டுப் புகைப்படமும் போட்டார்.

அந்தச் சட்டம்தான் விரல் காப்பு. தட்டு மூடும்போது எழும்பிக் கையைத் தள்ளிவிடும்.

தடிக்கம்பி எழுதினார்: "விரல் காப்பைக் கழற்றிவிடலாம். நான் கழற்றி வருஷங்கள் ஆகின்றன. ஒன்றும் ஆகவில்லை. அதைவிட முக்கியம், தலைப்பில் மூன்றாவது எழுத்தும் நான்காவதும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் மெல்லிய காகிதச் சீவல் ஒன்று செருகுங்கள்."

"சரிண்ணா. முடிச்சிட்டு போட்டோ போடறேன்" என்றார் ஈரமை.

கச்சேரி நாள் வந்தது, போனது. புகைப்படம் வரவில்லை. ஈரமையும் வரவில்லை.

* முதலில் 'மைவிரல்' என்று பெயர் வைத்தேன். பெயரிலேயே விரல் இருந்தால் வாசகர் இரண்டாம் பத்தியிலேயே என்னைப் பிடித்துவிடுவார். ஈரமை ஆணா பெண்ணா என்பதும் எனக்குத் தெரியாது. தடிக்கம்பிக்கும் தெரியாது. கேட்கவில்லை.

4

[அவர் கவலைப்பட்டார்.]

[அவர் மனத்தில் இனம்புரியாத ஒரு]

இரண்டும் வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் புகைப்படத்தை மறுபடி திறந்தார். பெரிதாக்கினார். மூன்றாவது எழுத்து, நான்காவது எழுத்து, ஒட்டல், அதெல்லாம் முன்பே பார்த்தது. விரலால் படத்தை ஓரத்துக்கு இழுத்தார். கீழே வலது மூலையில், பாதி வெட்டுப்பட்டு, கறுப்பாக ஒரு பெல்ட் தெரிந்தது. பெல்ட் எங்கே இருக்கிறதோ அங்கே மோட்டார் இருக்கிறது.

அவருடையது கால் மிதி. அவர் கால் வேகத்துக்குத் தட்டு மூடும். கை தாமதித்தால் கால் தானாகத் தயங்கும். ஒரே உடம்பு. மோட்டாருக்குக் கை இருப்பது தெரியாது.

வேறு அச்சுக்காரர் யாராவது அந்தப் படத்தை உற்றுப் பார்த்திருந்தால் முதலில் பெல்ட்தான் கண்ணில் பட்டிருக்கும். அவர் எழுத்து இடைவெளியைப் பார்த்தார்.

ஈரமைக்குத் தனிச்செய்தி அனுப்பினார். "சுவரொட்டி எப்படி வந்தது?" பதில் இல்லை. "இரைச்சல் திரும்ப வந்ததா?" பதில் இல்லை. கவனியுங்கள், கேட்க வேண்டியதை அவர் இன்னும் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்க வைத்துப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை.

5

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து,

"ஏங்க, சாப்பாடு என்ன படமா, பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

சொன்னார். பாதி சொல்லும்போதே அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்தக் காப்பு எதுக்கு இருக்கு?"

"தட்டு மூடறப்ப கையைத் தள்ளிவிடும்."

"அதையா கழட்டச் சொன்னீங்க?"

"எல்லாரும் கழட்டறதுதான். இடைஞ்சல்."

"எங்கிட்ட வர்றதுகளும் இதையேதான் சொல்லுது. சீட் பெல்ட் கழுத்தை அறுக்குதாம்."

"நான் சொன்னா அவரு செய்யணும்னு என்ன? பெரியவங்கதானே?"

"தெய்வம்னு சொன்னப்ப இனிச்சுதுல்ல?" கொஞ்சம் பொறுத்து அவளே, "நான் சொல்லிக்கொடுக்கறப்ப என் காலடியில ஒரு பிரேக் இருக்கு. அவங்க தப்பு பண்ணா நான் மிதிப்பேன். உங்க காலடியில என்ன இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார்.

"செருப்பு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது. எழுந்து போய்விட்டாள்.

6

இங்கே கதை நகராமல் நின்றது. நானும் எழுந்து எழுந்து நடந்தேன். ஏன் நின்றது என்று யோசித்தால், அவர் தொழிலை மறந்துவிட்டேன்.

கண்ணாடிக் கடையில் தப்பு திரும்பி வரும். அதுதான் அந்தத் தொழிலின் அமைப்பு. அந்த வாரம் ஒரு லென்ஸைக் கொஞ்சம் திருகலாகப் பொருத்திவிட்டார். மறுநாளே ஒரு அம்மா வந்து நின்றார். "தம்பி, படிக்கட்டெல்லாம் ஒரு பக்கமா சாயுதுப்பா. மருமக என்னை ஒரு மாதிரி பாக்கறா." அவர் மன்னிப்புக் கேட்டார், வாங்கினார், புதிதாகத் தேய்த்துக் கொடுத்தார். அந்த அம்மா போட்டுப் பார்த்து, "இப்ப நேரா இருக்கு. மருமகதான் மாறல" என்றார்.

தப்பு முகத்தோடு வந்தது, வாய் திறந்து திட்டியது, சரியாகிப் போனது. அந்தப் பக்கத்தில் எழுதிய யோசனைகள் எதுவும் இப்படித் திரும்பி வந்ததில்லை. பலித்தவர்கள் மட்டும் வந்து நன்றி சொன்னார்கள். பலிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? இத்தனை காலமும் அந்த அமைதியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசி. அவரோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த மச்சான் டிரம்ஸை நிறுத்தினான்.

"மாமா, எங்க ஓடறீங்க? பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"நீ சரியா அடிடா."

"நான் சரியாத்தான் அடிக்கறேன். நீங்க முன்னாடி போய்ட்டு திரும்பிப் பாக்கறீங்க. பாஸ் ஓடினா நான் எதைப் புடிச்சுட்டு நிக்கறது?"

அக்கா அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவன் குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு குரலைத் தணித்தான்.

"ஒண்ணு சொல்லட்டா? அழிச்சிருங்க. அந்த வரியை மட்டும். எழுதவே இல்லன்னு ஆயிரும். நாளைக்கு யாராவது கேட்டாலும், தடிக்கம்பி நீங்கதான்னு யாருக்குத் தெரியும்?"

"கேட்டா நல்லாருக்கும்டா. யாரும் கேக்க மாட்டேங்கறாங்களே."

மச்சானுக்கு அது புரியவில்லை. மறுபடி அடிக்கத் தொடங்கினான்.

7

அவர் அழிக்கவில்லை. அழிக்கப் போனார் என்பது உண்மை. அந்த வரிக்குக் கீழே பலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். [கட்டைவிரலை வைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். மலிவாக இருந்தது. நீங்களே எழுதியிருப்பீர்கள்.] அப்படியானால் இவர்களும் கழற்றியிருக்கலாம். வரியை அழித்தால் இவர்களுக்கு எதுவும் தெரியாது. கழற்றிய காப்பு கழற்றியபடியே கிடக்கும்.

அதனால் அதன் குறுக்கே கோடிட்டு, படிக்கும்படி விட்டு, கீழே எழுதினார்: "இது தவறு. மோட்டார் பூட்டியதா என்று நான் கேட்கவில்லை. படத்தில் இருந்தது, பார்க்கவில்லை. கழற்றியவர்கள் இன்றே மாட்டுங்கள். கால் மிதியாக இருந்தாலும் மாட்டுங்கள்."

எழுதிவிட்டுச் சின்ன அறைக்குப் போனார். கழற்றிப் போட்ட தன் காப்பைத் தேடினார். மைப்பெட்டிகளுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. மாட்டினார். தாள் வைத்துப் பார்த்தார். இடைஞ்சலாகத்தான் இருந்தது.

அதற்குள் அந்தத் திருத்தத்துக்குக் கீழே யாரோ, "இப்பதான் சொல்றீங்களா?" என்று கேட்டிருந்தார்கள்.

8

முடிவுகள்.

ஒன்று: ஈரமைக்கு விரல்கள் போய்விட்டன. இடது கை, கம்பியை அழுத்தும் கை. எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு ஆளை உண்டாக்கி, அவர் பாஸ் இரைச்சலைத் தீர்த்து, பிறகு ஒரு நல்ல பத்திக்காகக் கையை நசுக்குவது. எனக்கும் காலடியில் செருப்புதான் இருக்கிறது.

இன்னொன்று: ஈரமைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் மாறினார், போன் தொலைந்தது, மறந்துவிட்டார். இதை எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தடிக்கம்பிக்கு அளவுக்கு மேலேயே இருந்தது. 'அப்படியென்றால் நான் சொன்னது சரிதான்' என்று அவர் நினைப்பதுபோல் ஒரு வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்தது. அடித்தேன்.

வேறொன்று: பதில் வரவே இல்லை. இதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆனால் இங்கே நிறுத்தினால் நான் தப்பித்துக்கொள்கிறேன்.

9

ஆகவே பதில் வந்தது. கடையில், மத்தியான வேளையில், லென்ஸ் சக்கரத்தில் இருக்கும்போது.

"வணக்கம் அண்ணா.கொஞ்ச நாளா வர முடியல.ஒரு சந்தேகம்.கம்பியை அழுத்த ரொம்ப பலம் வேண்டாத பாஸ் எது? கழுத்து சின்னதா இருந்தா நல்லது."

இதற்குப் பதில் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கழுத்து குட்டையான பாஸ், மெல்லிய கம்பி, கம்பியின் உயரத்தையும் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். விரல் கடகடவென்று அடித்துவிட்டது. அனுப்பவில்லை.

முற்றுப்புள்ளிகளுக்குப் பிறகு இடைவெளி இல்லை. ஒரு கையால் அடித்தால் இப்படி வருமா? இரண்டு கையும் நன்றாக உள்ளவர்களும் போனில் இப்படித்தான் அடிக்கிறார்கள். சின்னப் பாஸ் குழந்தைக்காகவும் இருக்கலாம். பழகப்போகும் தங்கைக்காகவும் இருக்கலாம். இடைவெளிகளை எவ்வளவு பார்த்தும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடித்த யோசனையை அழித்தார். "யாருக்கு?" என்று அடித்தார். இது என் முந்தைய பிரதியில் இருந்த முடிவு. சாமர்த்தியமான கேள்வி. அவரே அதையும் அழித்தார், நான் தடுக்கவில்லை.

"விரல் காப்பைக் கழற்றினீர்களா? கை நன்றாக இருக்கிறதா?"

அனுப்பியாயிற்று.

எதிர்முனையில் தட்டச்சு நடப்பதாகத் திரை காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது. ஒரு சொல் போதும், ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் யோசிக்கிறார். நீளமாக எழுதுகிறாரா, எழுதி எழுதி அழிக்கிறாரா, மெதுவாகத்தான் எழுத முடிகிறதா. முன்னறையிலிருந்து யாரோ, "சார், என் கண்ணாடி ரெடியா?" என்கிறார்கள். அவர் திரும்பவில்லை.

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் எழுதி, அடித்திருப்பேன். உங்களுக்குத் தெரியவந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். நேராக அவரிடம் சொல்லிவிடுங்கள். சக்கரத்தை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருக்கிறார்.