ஷேக் முஸமிருவின் ரத்தப் பரிசோதனை

கம்பாலாவில் இமாம்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பயிற்சி என்று அழைப்பு வந்தபோது, "இந்த அசிங்கத்தையெல்லாம் பேச நான் என்ன நர்ஸா?" என்று ஒதுங்கிக்கொண்டார் உகாண்டாவின் இகங்கா ஊர்ப் பெரிய பள்ளிவாசலின் ஷேக் முஸமிரு. தனக்குப் பதிலாகச் சந்தைப் பள்ளியின் இமாம் துவாஹாவை அனுப்பியதும் அவரேதான். அந்தத் தாராளத்தை நினைத்தால் இப்போது அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

துவாஹாவின் ஜும்மாவுக்குத் தெருவரை பாய் விரிக்கிறார்கள். பெரிய பள்ளியிலோ தூண்கள் நன்றாகத் தெரிகின்றன.

"அவன் அப்படி என்னதான் பேசறான்?" என்று பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டார்.

"நிக்காஹுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிறது நல்லதுங்கறாரு."

"நல்லதுன்னு மட்டும்தானே?" ஷேக்கின் முகம் தெளிந்தது.

அடுத்த வெள்ளி, தொழுகை முடிந்ததும் அறிவித்தார். "பரிசோதனை பண்ணாம இனி இங்க யாருக்கும் நிக்காஹ் கிடையாது. யாரா இருந்தாலும்."

பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மூத்த மனைவி மஸ்துலா கேட்டாள்: "மாப்பிள்ளை ஷேக்கா இருந்தாலுமா?"

ஷேக் மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பேசி முடித்திருப்பது ஊருக்கே தெரியும். பள்ளி சிரிப்பில் குலுங்கியது. பின்வாங்கினால் மிச்சக் கூட்டமும் சந்தைப் பக்கம் போய்விடும்.

"இருந்தாலும்தான்" என்றார்.

கிளினிக்குக்கு மஸ்துலாவும் கூடவே வந்தாள். ஆலோசனை சொல்லும் நாற்காலியில், கம்பாலாவில் பயிற்சி முடித்து வந்த துவாஹா.

"உக்காருங்க ஷேக். மனைவிங்களைத் தவிர வேற யார்கூடவாவது..."

"டேய்."

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான் ஷேக்."

"சும்மா சொல்லுங்க" என்றாள் மஸ்துலா. "நானும் சின்னவளும் நோன்புக்கு முன்னாடியே வந்து பாத்துட்டோம். இவரு நல்லாப் பொறுமையாப் பேசுவாரு."

அந்தப் 'பொறுமை' ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அடுத்த வெள்ளி, இந்த மாவட்டத்திலேயே பரிசோதித்துக்கொண்ட முதல் இமாம் தான்தான் என்று ஷேக் முழங்கினார். திங்கட்கிழமை கிளினிக் வாசலில் ஆண்கள் வரிசை. துவாஹா எத்தனையோ முறை கூப்பிட்டும் வராத அதே ஆண்கள்.

"பெரிய ஷேக்கே பண்ணிக்கிட்டாராம்ல, அதான்" என்றார் முன்னால் நின்ற லாரி ஓட்டுநர்.

"நானும் இதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்றார் துவாஹா.

"நீங்க சொன்னீங்க. அவரு செஞ்சாரு."

துவாஹா பயிற்சியின் முதல் நாளே பரிசோதித்துக்கொண்டவர். பெருமையடிப்பதாகிவிடுமே என்று வெளியில் சொல்லவில்லை. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

"உக்காருங்க" என்றார் ஓட்டுநரிடம், கொஞ்சம் பொறுமையில்லாமல்.