அப்பாவின் எறும்புகள்

அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றிலிருந்து திரும்பிய உமாதேவி, வரிசையை விட்டு விலகி ஒரு எலுமிச்சைக் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தாள். கொட்டுச் சத்தம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இலையடியில் அசுவினிப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. ஊசி மூக்கைக் குத்தியது குத்தியபடி, பால்குடிக் குட்டிகள் மாதிரி அசையாமல். இலை அதற்குள் சுருளத் தொடங்கியிருந்தது.

“ஏத்தா! எங்கண்ணன் அங்கன குளிக்கக் காத்துக் கெடக்காக. நீ இங்கன எலைக்குப் பேன் பாத்துக்கிட்டு நிக்கிற!”

அத்தை பஞ்சம்மாள். அழுது தொண்டை கட்டியும் அதட்டல் குறையவில்லை.

“பேன்தான் அத்த. நெறைய இருக்கு” என்றாள் உமாதேவி.

அப்பா அம்மாவாசி அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். குச்சனூர் சனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமை தவறாமல் அரிசி மாவில் வெல்லம் கலந்து மரத்தடிகளில் எறும்புக்குப் போட்டவர். போன வாரம்கூட உமாதேவி சண்டை பிடித்தாள்.

“நீங்க கீழ தீனி போடுறீக. அது மேல ஏறிப் போயி அசுவினிக்குக் காவல் இருக்குப்பா.”

“எதுக்காம்?”

“அசுவினி சாற உறிஞ்சிட்டுத் தேனாட்டம் கழியுது. எறும்பு அதக் குடிக்குது. அசுவினியத் திங்க வர்ற பொறிவண்டக் கடிச்சு வெரட்டுது. தூர்ல கிரீசு பூசுனா எறும்பு ஏறாதுப்பா.”

“அப்ப எறும்பு மாடு வளக்குதுன்னு சொல்லு. பெரிய சம்சாரிதான்!” என்று சிரித்தார். “தூர்ல கிரீசு கிரீசுன்னு பேசாத. நானிருக்கிற வரைக்கும் நடக்காது.”

குடத்தை இறக்கியபோது திருப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி சுரேஷ்கண்ணன் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

“மரமெல்லாம் கரி படிஞ்சு கருகருன்னு கெடக்கு. இந்தப் பருவமும் காய்க்காட்டிப் பூராத்தையும் எடுத்துட்டுத் தென்னைய வச்சிருவோம்க்கா.”

“காய்க்கும்.”

“எப்பிடி?”

“காய்க்கும்ங்கிறேன்ல.”

பாடை தெருமுனை தாண்டியது. பெண்கள் தலைமுழுகினார்கள். உமாதேவி ஈரச் சேலையோடு தோட்டத்துக்குப் போனாள். மோட்டார் ரூமிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தாள். உரச்சாக்கைப் பட்டை பட்டையாகக் கிழித்தாள். ஒவ்வொரு மரத்தின் தூரைச் சுற்றியும் இறுக்கிக் கட்டி, மேலே கிரீஸை வழித்துப் பூசினாள்.

பஞ்சம்மாள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அடி பாவி! சுடுகாட்டுக்குப் போனவுகளே இன்னும் திரும்பல. ஊரு என்னடி பேசும்?”

“பேசட்டும் அத்த. அசுவினி எளங்கொழுந்தத்தான் திங்கும். பதினாறு கழியட்டும்னு காத்திருக்குமா? கொழுந்து போனாப் பூவில்ல, பூவில்லாட்டி மரமில்ல. எல்லாம் அப்பா வச்ச மரம்.”

பஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்குப் பட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

“இறுக்கிக் கட்டு. தொளதொளன்னு கட்டுற.”

வரப்போரத்துப் பெரிய மரம்தான் மிச்சம். அதன் தூரில் போன வார மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. உமாதேவி டப்பாவை மூடினாள்.

“இந்த மரம்?”

“இருக்கட்டும் அத்த.”

“ஏன் இருக்கணும்? எங்கண்ணன் தண்ணி பாச்சுனா ஒத்த மரத்த விட்டுட்டு வீடு வந்ததுண்டா?”

உமாதேவி டப்பாவைத் திறந்தாள்.

கட்டி முடித்ததும் பஞ்சம்மாள் கை கழுவப் போனாள். ஏறிக்கொண்டிருந்த எறும்புகள் பட்டைக்குக் கீழே முட்டித் திரும்பின. மேலே இருந்தவை இறங்கி வந்து, கிரீஸ் விளிம்பில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றன. உமாதேவி ஒரு காய்ந்த குச்சியை ஒடித்து, பட்டைக்குக் குறுக்கே பாலமாகச் சாய்த்துப் பிடித்தாள். ஒன்றன் பின் ஒன்றாக அவை இறங்கின. கீழிருந்து ஏறப் பார்த்ததை மட்டும் சுண்டு விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

“வீட்டக் கழுவணும், வாத்தா” என்று கிணற்றடியிலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

“இந்தா வாரேன்.”

குச்சியை அவள் எடுக்கவில்லை. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.