விசில் ஊதிய டீச்சர்

சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பை 1962இல் ஒன்றாக முடித்து வந்தவர்கள் மூன்று பேர். மாதேஸ்வரன் அரூரில் டிரில் மாஸ்டர் ஆனான். அப்துல் ஷுக்கூர் பென்னாகரத்தில். ஜானகியம்மாளைத் தருமபுரியில் பெண்கள் பள்ளி ஒன்றில் போட்டு, வளையப்பந்து சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள்.

ஆண்கள் இருவரும் ஃபுட்பால் கோச்சுகளாகப் பேர் வாங்கினார்கள். வாங்கிய விதத்தை நினைத்தாலே ஜானகியம்மாளுக்குக் குமட்டும். மாதேஸ்வரனுக்குப் பந்தைவிடக் கும்பிடு போடுவதில் தேர்ச்சி அதிகம். எந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினாலும் எதிரே முதலில் வளைந்து நிற்பது அவன்தான். ஷுக்கூருக்கு வாய். ஜெயித்தால் தன் பயிற்சி, தோற்றால் மைதானத்துக் கல். பயிற்சிக் காலத்தில் நெஞ்சில் வாங்க வேண்டிய பந்தை மூக்கில் வாங்கிக்கொண்டு அழுதவன் அவன்.

சேலத்திலிருந்து பிரிந்த புதுத் தருமபுரி மாவட்டத்து அணிக்குக் கோச் ஆவது யார் என்று இருவரும் வருஷக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். எழுபத்து மூன்றில் பள்ளிகளுக்கான மாவட்டப் போட்டியில் இருவர் பள்ளிகளும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. ஜெயிக்கிறவனுக்கே பதவி என்று பேச்சு. அன்று பார்த்துச் சேலத்து ரெஃப்ரி வரவில்லை. விழா நடத்திய அதிகாரி வேறு வழியில்லாமல் விசிலை, ஆட்டம் பார்க்க வந்திருந்த ஜானகியம்மாளிடம் நீட்டினார்.

"சீலையோட ஓடுவீங்களா டீச்சர்?" மாதேஸ்வரன் இளித்தான்.

"ஓடறேன். நீங்க உக்காருங்க."

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அரூர் கோல்கீப்பர் பந்துக்குத் தாவினான். அவசரமாக மழித்த மேலுதடு பச்சையாகத் தெரிந்தது. கிட்டே போய் அவனிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "உங்க பையன் எத்தனாவது படிக்கறான்?"

"மூணாவதுங்க டீச்சர்" என்றவன், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவன்.

ஷுக்கூர் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"நீங்க சிரிக்காதீங்க சார். உங்க பத்தாம் நம்பரு போன மாசம் ஒகேனக்கல் பஸ்ஸுல எனக்கே டிக்கெட்டு கிழிச்சான்."

இரண்டு பேரையும் வெளியே அனுப்பினாள். மிச்சப் பையன்கள் ஆடினார்கள். ஓரத்திலிருந்து யாரும் கத்தவில்லை. கோச்சுகள் இருவரும் அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார்கள். அத்தனை அழகான ஆட்டத்தை அந்த மைதானத்தில் அவள் பார்த்ததே இல்லை.

ஆட்டம் செல்லாது என்று ஆயிற்று. பொம்பளை விசில் ஊதியதால் குழப்பமாம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த இருவரும் ஒரே குரலில் அதைச் சொன்னார்கள். அடுத்த மாதம் இருவருமே சேர்ந்து மாவட்டக் கோச்சுகள் ஆனார்கள். ஜானகியம்மாளுக்கு ஏரியூருக்கு மாற்றல்.

ஏரியூரில் டிரில் மாஸ்டர் இல்லாததால் பையன்களையும் அவளிடமே விட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பையன்களைப் பற்றிச் சேலம்வரை பேச்சு. ஒருநாள் மாவட்டக் கோச்சுகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் தொப்பை வந்திருந்தது.

"பழசை மனசுல வச்சிக்காதீங்க" என்றான் ஷுக்கூர். "நம்ம மாவட்டத்து மானம். நஞ்சப்பன்னு ஒரு பையன் இருக்கானாமே, குடுங்க."

கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. கோபப்படவும் எதிரே ஒரு ஆள் வேண்டுமே.

நஞ்சப்பனைக் கூப்பிட்டாள். அவர்கள் காதில் நன்றாக விழும்படியே சொன்னாள்:

"போய் ஆடிட்டு வாடா. இவங்க சொல்றதை மட்டும் கேட்டுடாதே."